பரஸ்தானம் வைத்த வவுச்சர்

என் மாமியாருக்கு அந்தக் காகிதத்தில் பிடிக்காதது ஒரே ஓர் எழுத்துதான்.

"அதென்னடி பி? என் பிள்ளை காலேஜ்ல முதல் வகுப்புல தேறினவன். அவனுக்கு ஏ குடுக்கப்படாதோ? யாரோ நடுவுல பூந்து கெடுத்திருக்கா."

அறுபதுகளின் நடுவில், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக நினைத்தவர்களுக்கு அந்த நாட்டு சர்க்கார் கொடுத்த அனுமதிச் சீட்டின் பெயர் வவுச்சர். அதில் வகைகள் உண்டு. அங்கே ஒரு முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஏ. கூப்பிட ஆள் இல்லை, ஆனால் டாக்டர், இஞ்சினீயர் என்று அவர்களுக்கு வேண்டிய படிப்பு கையில் இருக்கிறது என்றால் பி. படிப்பும் இல்லாமல் உடம்பை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கு சி என்று ஒன்று இருந்தது. அதையும் அதற்குள் நிறுத்திவிட்டார்கள். இதைத் தளிகை உள்ளில் காய் நறுக்கிக்கொண்டே மாமியாருக்கு மூன்று தடவை விளக்கினேன்.

"அப்படின்னா, அங்க போனா வேலை கிடையாதா?" என்று அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"போய்த் தேடிக்கணும்மா. படிச்சவாளுக்கு உடனே கிடைக்கும்கறா."

"யாருடி சொன்னா?"

யார் சொன்னது என்று எனக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் அவர் கீழச் சித்திரை வீதி முழுக்கத் தன் பிள்ளைக்கு ஏ கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். நான் திருத்தப் போகவில்லை. எழுத்தைத் திருத்தலாம், அவர் கேட்ட கேள்விக்கு என்ன செய்வது?

இந்த வினையை இழுத்து வைத்ததே நான்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் திருச்சியில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வாய்க்கால் மதகுகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவாளுக்கும் குடும்பம் இருக்கே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்போது நான் டைப் கற்றுக்கொண்டிருந்தேன். பேப்பரில் வந்த விவரத்தைப் பார்த்து எழுதிப்போட்டு விண்ணப்பப் பாரத்தை வரவழைத்ததும் நான்தான், அந்த மாடியில் உட்கார்ந்து அதை அடித்ததும் நான்தான். அவர் கையெழுத்தை மட்டும் போட்டார்.

"வராது. உன் ஆசைக்குப் போடு" என்றார்.

வந்துவிட்டது. ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அன்று நான் குதித்த குதியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வவுச்சருக்கு ஆயுள் ஆறு மாதம். அதற்குள் அந்த நாட்டில் காலை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது வெறும் காகிதம். ஆறு மாதம் என்றால் ஏகப்பட்ட நாள் இருக்கிறதே என்று நினைத்தோம். பாஸ்போர்ட் விண்ணப்பம் சென்னைக்குப் போய், ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி போனது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் என் கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு தடவை வந்தார். காலேஜ் சர்டிபிகேட்டுக்கு நகல், நகலுக்கு அத்தாட்சி, மார்புக்கு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம் "ம்…" என்று இழுத்தார். கடைசியில் பார்த்தால் கண்ணாடியைத் துடைப்பதற்காகத்தான் இழுத்திருக்கிறார், மகராஜன்!

இப்படியே நாலரை மாதம் போய், பம்பாயிலிருந்து புறப்படும் ஒரு கப்பலில் என் கணவருக்கு இடம் கிடைத்தது. அது போய்ச் சேரும் நாளுக்கும் வவுச்சர் செத்துப்போகும் நாளுக்கும் நடுவில் ஒன்பது நாள். அதற்கு அடுத்த கப்பல் என்றால் தேதி தாண்டிவிடும். மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, கதவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வருகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. இதற்கிடையில் என் கணவர் ஆபீஸில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். அதையும் எழுதி, அடித்து, கையில் கொடுத்தனுப்பியது நான்தான். ஆக, அந்தக் கப்பலைப் பிடித்தால் உண்டு. பிடிக்காவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பேன். கிழித்ததும் மீதித் தாள்களை எண்ணுவேன்.

ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்த அன்று மாமியார் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"செவ்வாய்க்கிழமையா? வடக்கே சூலம்டா. அதோட அஷ்டமி. தேடிப் பிடிச்சா வாங்கிண்டு வந்தே?"

"கப்பல்காரனுக்குச் சூலம் தெரியாதும்மா" என்றார் என் கணவர்.

"அவனுக்குத் தெரியாதுன்னா நமக்குமா தெரியாது?"

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். புறப்படும் நாள் நன்றாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில், நல்ல நேரத்தில், பிரயாணத்தில் கொண்டுபோகும் பொருள் ஒன்றை எடுத்துப்போய், போகிற திசையில் உள்ள வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்தப் பொருள் கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பிவிட்ட மாதிரி. அப்புறம் எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. ஒரே ஒரு விதி, வைத்த பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பிரயாணம் ரத்து. போகும் வழியில் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும்.

வியாழக்கிழமை திருதியை, நல்ல நாள். சாதாரணமாக ஒரு வேஷ்டியையோ துண்டையோதான் வைப்பார்கள். நானும் ஒரு வேஷ்டியை மடித்து எடுத்து வந்தேன்.

மாமியார் அதைத் தள்ளிவிட்டார். "வேஷ்டி போனா பிரயாணம் போன மாதிரியா? எது இல்லாம இவன் அங்க நுழைய முடியாதோ, அது போகட்டும் முதல்ல."

யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. பாஸ்போர்ட், வவுச்சர், காலேஜ் சர்டிபிகேட், கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு தோல் பையில் போட்டோம். இஞ்சினீயர் ஒருத்தர், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து டைப் கற்ற நான் ஒருத்தி, இரண்டு பேருக்கும் அப்போது மூளை எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் கணவர் பையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்து, எங்கள் தெருவின் கடைசி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

அந்தக் கோடியாத்தில் மாமாவும் மாமியும் மட்டும்தான். மாமா ஸ்கூலில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எழுபதைத் தாண்டியும் தினம் கொள்ளிடத்துக்கு நடந்துபோய் ஸ்நானம் பண்ணுகிறவர். பையை அவர் இரண்டு கையாலும் வாங்கி, உள் அறையில் இருந்த மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பூணூலிலேயே கட்டிக்கொண்டாராம்.

"லண்டன் சாவி என் மார்ல இருக்கு, நிம்மதியா தூங்குன்னார்" என்று என் கணவர் வந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கோடியாத்து வாசல் வழியாக ஒரு நடை போய் வந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் மார்பில் தொங்கும் சாவியைத் தட்டிக் காட்டுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். கட்டுச்சாதத்துக்குப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ ஓடினார்கள். என் கணவர் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"கோடியாத்து மாமா பரமபதிச்சுட்டார். ஸ்நானம் பண்ணிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே…"

எனக்கு முதலில் தோன்றியது ஐயோ பாவம் மாமி என்பதல்ல. ஐயோ சாவி என்பதுதான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஆகிவிட்டால், எடுக்கிறவரை மற்ற வீடுகளில் அடுப்பு எரியாது. புளிக்காய்ச்சலை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தேன். மாமாவின் ஒரே பிள்ளை சென்னையிலிருந்து வரவேண்டும். அவன் வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும், அதன் பிறகுதான் எடுப்பார்கள். என் கணவருடைய ரயில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஐந்தரைக்கு.

என் கணவர் போய் அந்த வீட்டு வாசலில் ஆண்களோடு நின்றுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்தார்.

"கேட்டேளா?" என்றேன்.

"எப்படிக் கேக்கறது? அவரைத் தரையில விட்டிருக்கா. சாவி அவர் மேலயே இருக்கு. மாமி தலைமாட்டுல உட்கார்ந்துண்டிருக்கா. நான் போய், என் வவுச்சரைக் குடுங்கோன்னா?"

"அப்போ?"

"விட்டுடலாம்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "போனாப் போறது."

மாமியார் ஜபமாலையைக் கீழே வைத்தார். "அவன் சொல்றதுதான் சரி. பெருமாளே வேண்டாம்கறார். சாவு விழுந்த ஆத்துலேர்ந்து எடுத்துண்டு போற காகிதம் விளங்குமாடி? தீட்டு வீட்டுலேர்ந்து ஒரு துரும்பு வெளில வரப்படாது. பத்து நாள் போகட்டும், பாத்துக்கலாம்."

"பத்து நாள் போனா கப்பல் பாதி தூரம் போயிடும்மா. வேலையை விட்டாச்சு. நாளைக்கு எந்த முகத்தை வெச்சுண்டு அந்த ஆபீஸ் வாசப்படி ஏறுவார்?"

"ஏறாட்டா என்ன? சோத்துக்கில்லாமயா போயிட்டோம்?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு விட்டுவிடலாம், விட்டுவிடலாம் என்கிறார்கள். ஆறு மாதமாக ஒவ்வொரு தாளையும் நான் அடித்து, ஒவ்வொரு தேதியையும் நான் எண்ணி, ராத்திரி தூக்கமும் இல்லாமல் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு ஒரு 'போனாப் போறது' போதுமா?

"நீங்க யாரும் வரவேண்டாம். நான் போறேன்" என்று எழுந்தேன்.

"போனா, தீட்டோட இந்த ஆத்துக்குள்ள காலை வைக்காதே" என்றார் மாமியார்.

"வைக்கலை. கொல்லை வழியா வந்து கிணத்தடில குளிச்சுட்டு வரேன்." என் கணவரிடம் திரும்பினேன். "நாலு மணிக்கு ஜட்காவைத் தெருக் கோடிக்குக் கொண்டு வந்து நிறுத்துங்கோ. ட்ரங்குப் பெட்டியோட. பை இந்த ஆத்துக்குத் திரும்பி வரப்படாது."

அப்படியும் மூன்று மணிவரை எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை வந்துவிட்டால் அவனிடம் கேட்கலாம் என்று ஜன்னலண்டையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வரவில்லை. மூன்றே காலுக்குக் கிளம்பினேன். பத்து வீடு தாண்டுவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கூடத்தில் மாமாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருமண் புதிதாக இருந்தது. வெற்று மார்பில் பூணூல், பூணூலில் சாவி. சுற்றிலும் பெண்கள். மாமி அழவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமி, என்னை மன்னிச்சுடுங்கோ. அந்தப் பை…"

மாமி என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் நான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. பிறகு, தினமும் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"சாவி மாமாகிட்டன்னா இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், "எந்த நேரத்துல என்ன கேக்கறதுன்னு கிடையாதா? இது என்ன அநியாயம்!" என்று கத்தினார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று காலை ஊன்றினேன்.

மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரு. இன்னிக்குத்தானே வண்டி? ஆத்தங்கரைக்குப் போறப்போகூடச் சொல்லிண்டு போனார், சாவியை மறக்காம குடுக்கணும்னு."

அவர் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது காலையில் ஆற்றில் நனைந்து இறுகிப்போயிருந்தது. விரலுக்கு மசியவில்லை. "இவர் முடிச்சுப் போட்டா யாராலயும் அவுக்க முடியாது" என்றார் என்னிடம். பிறகு முகத்தை மாமாவின் மார்போடு வைத்து, பல்லால் கடித்து அவிழ்த்தார். சாவி என் உள்ளங்கைக்கு வந்தபோது ஈரமாக இருந்தது.

உள் அறையில் பெட்டியைத் திறந்தேன். பட்டு வேஷ்டிகளுக்கு நடுவில் பை இருந்தது. அப்போதும் பிரித்துப் பார்த்தேன், பாவி. பாஸ்போர்ட் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது, சர்டிபிகேட், டிக்கெட் எல்லாம் இருக்கிறது. வெளியே மாமி முதல் தடவையாகக் குரலெடுத்து அழ ஆரம்பித்திருந்தார். சாவியை அவர் மடியில் வைத்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

தெருக் கோடியில் ஜட்கா நின்றது. மாமியாரும் வந்திருந்தார், வண்டியைத் தொடாமல் தள்ளி நின்றார். நான் தீட்டு. யாரையும் தொடக்கூடாது, ஸ்டேஷனுக்கும் போக முடியாது. பையை வழியோரத்தில் இருந்த கல்லின் மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனேன். மாமியார் சொம்பிலிருந்த தண்ணீரை அதன் மேல் தெளித்தார். என் கணவர் எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு…" என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதேங்கோ!" என்றேன். எழவு வீட்டிலிருந்து வந்தவள் எதிரில் நிற்கும்போது அதைச் சொன்னால் நன்றாக இருக்குமா? "வண்டிக்கு நேரமாச்சு, ஏறுங்கோ."

ஏறிவிட்டார். வண்டி திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று.

அதற்கப்புறம் வீட்டில் மாமியார் என்னோடு பேசவில்லை. சுவரோடு பேசுவார். "யாராவது பால் வாங்கி வெச்சா தேவலை." நானும் சுவருக்கே பதில் சொல்வேன். அவர் திருவாராதன அறையில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பெருமாளிடம் மன்றாடுவது எனக்குக் கேட்கும். என்ன கேட்கிறார் என்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது நாள்.

ஏடனிலிருந்து கடிதம் வந்தது. கப்பலில் ஏதோ பழுது, இரண்டு நாள் நிற்கப்போகிறது. ஒன்பது ஏழாயிற்று. அடுத்த கடிதம் சூயஸ் கால்வாயிலிருந்து. அங்கே வரிசையில் காத்திருக்கிறார்கள், எத்தனை நாள் என்று தெரியாது. ஏழு எத்தனை ஆயிற்று? கடிதம் என் கைக்கு வருவதற்குள்ளேயே பத்து நாள் பழசாகிவிடுகிறதே, இப்போது கப்பல் எங்கே இருக்கிறது? மத்தியதரைக் கடலில் புயல் என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டால்கூட எனக்குச் சோறு இறங்காது. கப்பல் போய்ச் சேர்ந்தாலும், அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி, 'பி தானே, வேலை எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால்? சாவு வீட்டிலிருந்து பறித்துக்கொண்டு வந்த பாவம் என்று மாமியார் சொல்லமாட்டாரா? அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்ள மாட்டேனா?

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மாமியார் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். எழுத்துகள் குதித்தன. இரண்டு தடவை படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்.

"இறங்கிட்டாராம். உள்ள விட்டுட்டாளாம். கவலைப்படாதேங்கோன்னு போட்டிருக்கார்."

"ரங்கா!" என்று மாமியார் அங்கேயே தரையில் விழுந்து சேவித்தார். எழுந்து சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து என் வாயில் ஒரு பிடி போட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஜெயிச்சுட்டேடி!"

நானும் சிரித்தேன். வாய் நிறையச் சர்க்கரை. தந்தியை மறுபடி பார்த்தேன். அதில் அந்த ஊரின் பேர் அடித்திருந்தது. அந்தப் பேரை விண்ணப்பத்தில் நானே எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். இப்போது அந்த ஊரில் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயிலிருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், ஓவென்று அழ ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்குடி அழறே? எல்லாம்தான் நல்லபடியா ஆயிடுத்தே?"

"போயிட்டாரேம்மா" என்றேன்.

அவர் என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போதான் தெரியறதா உனக்கு?" என்றார்.